ரந்தாவ் பஞ்சாங் படகுத்துறையில் நான் சொன்ன சொல்

கொழுந்துக் காட்டில் முப்பத்திரண்டு வருஷம் எனக்குப் பக்கத்து நிரையில் நின்ற என் பாக்கியம் அக்காவுக்கு,

சரசு எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே லைனில் இரண்டு கதவு தள்ளி இருப்பவர்களுக்குக் கடிதம் எதற்கு? ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது உங்களுக்கு மட்டும் எழுதுவது இல்லை. பத்திரிகைக்குப் போகிறது. படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பாக்கியம் அக்கா என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. எனக்கு ஓரகத்தி. கேமரன் மலையிலிருந்து வருஷா வருஷம் எங்களோடு பஸ்ஸில் சயாம் எல்லையில் இருக்கும் ரந்தாவ் பஞ்சாங்குக்கு வந்த பெண்கள் இதைப் படிக்க வேண்டும். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் மகள் தேவியை வரும் செவ்வாய்க்கிழமை பதிவு அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நீல ஐசிக்கு, அதாவது குடியுரிமைக் கார்டுக்கு, அவள் எழுதிப்போடுவது இது மூன்றாவது தடவை. தாயை ரொம்பக் காலம் தெரிந்த ஒருவரை நேரில் கூட்டிவர வேண்டுமாம். அதிகாரி உங்கள் போட்டோவைக் காட்டி, இந்த அம்மாளைத் தெரியுமா என்று கேட்பார். தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்களைக் குழந்தையிலிருந்து தெரிந்தவர்கள் யாரும் இப்போது எஸ்டேட்டில் இல்லை. உங்கள் வீட்டுக்காரர், என் மூத்தாரும் உங்களுக்கு முன்னாலேயே போய்விட்டார்.

"சித்தி, நீங்கதான் வரணும்" என்றாள் தேவி. சரி என்று தலையை ஆட்டினேன்.

தெரிந்தவரைத் தெரியும் என்று சொல்வது ஒரு பெரிய வேலையா என்று கேட்பார்கள். எனக்கு அது பெரிய வேலைதான். ஏன் என்று நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

உங்களுக்குச் சிவப்பு ஐசி வந்த கதையை நீங்கள் சிரித்துக்கொண்டுதான் சொல்வீர்கள். "எங்கப்பா பேரு குடுத்தாருலா. கிராணிகிட்ட போயி, பொம்பளப் புள்ள பொறந்திருக்கு, பேரு பாக்கியம்னு சொல்லிட்டு வந்தாரு. எஸ்டேட் புத்தகத்துல நான் இருக்கேன். கவர்மெண்டு புத்தகத்துலதான் இல்ல." எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணியிடம் சொன்னால் கவர்மெண்டுக்கே சொன்ன மாதிரி என்று அந்தக் காலத்தில் நினைத்தவர் உங்கள் அப்பா மட்டும் இல்லை. பிறகு உங்கள் கல்யாணம். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள், எஸ்டேட்டே சாப்பிட்டது, பதியப் போக யாருக்கும் தோன்றவில்லை. தேவி பிறந்தபோது உங்கள் கையில் எந்தக் கார்டும் இல்லை. அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் உங்களுக்குச் சிவப்பு வந்தது. பதியாத கல்யாணத்தில் பிள்ளை தாய் கணக்கில்தான் சேரும், அதனால் அவளுக்கும் அதே சிவப்பு. இந்த நாட்டிலேயே இருக்கலாம், வேலை செய்யலாம். பாஸ்போர்ட் மட்டும் கிடையாது.

பாஸ்போர்ட் இல்லாத ஒருத்திதான் எங்களை வருஷா வருஷம் எல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இதைப் படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நீங்களும் சிரித்தவர்தானே.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால், கிளந்தான் பக்கம் பெருமழை தொடங்குவதற்கு முன், ஒரு சனிக்கிழமை விடியக்காலையில் பஸ் கிளம்பும். கியா பார்ம், திரிங்காப், கம்போங் ராஜா, லோஜிங். குவா மூசாங்கில் பஸ் நிற்கும்போது எல்லோரும் குளிர்ச் சட்டையைக் கழற்றுவோம். அதற்காகவே காத்திருந்தது போல நீங்கள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எழுந்து நிற்பீர்கள். மைக் வேண்டாம் உங்களுக்கு.

"கேளுங்கடி. அந்த ஆத்துக்கு கோலோக்னு பேரு. முன்னால அது எல்லையே கெடையாது. ரெண்டு கரையிலயும் ஒரே ஜனம். வெள்ளக்காரன் ஒரு பக்கம், சயாம்காரன் ஒரு பக்கம் உக்காந்து காயிதத்துல கோடு போட்டான். கோட்டுக்கு எடம் தேடினான், ஆறு கெடச்சுது. மறுநாளு காலையில பாத்தா அக்கா ஒரு நாடு, தங்கச்சி ஒரு நாடு."

"அப்ப ஓரகத்திங்க எந்த நாடு?" பின் சீட்டிலிருந்து மங்களம் கேட்பாள்.

"அதுங்கள எந்த நாட்டுலயும் சேக்க மாட்டான்!"

பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

பிறகு ரயில் கதை வரும். ஒரு காலத்தில் ரயில் ரந்தாவ் பஞ்சாங் வரை வந்து, அப்படியே இரும்புப் பாலத்தில் ஏறி ஆற்றைத் தாண்டி சயாமுக்குப் போனது. இப்போது ரயில் இல்லை. பாலம் மட்டும் துருப்பிடித்து நிற்கிறது, நடுவில் கேட் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பெரிய பாலத்தில்தான் இப்போது ஆட்களும் கார் லாரி காடிகளும் போவது. அப்புறம் வெள்ளக் கதை. வருஷக் கடைசியில் ஆறு பொங்கி டவுனுக்குள் வந்துவிடும், கடைக்காரர்கள் சாமானை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டுப் படகில் காப்பி குடிக்கப் போவார்கள் என்று சொல்வீர்கள். தூண்களில் தண்ணீர் நின்ற கோடுகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கோடு என் தோளுக்கு மேல் இருந்தது.

அந்தச் சீனக் கோயில் மாதிரி இருக்கும் பள்ளிவாசலைப் பற்றியும் சொல்வீர்கள். கூரை நுனி எல்லாம் மேல்நோக்கி வளைந்திருக்கும், உள்ளே மலாய்க்காரர்கள் தொழுவார்கள். "சீன ராஜா ஒருத்தரு கப்பல்ல வந்து கட்டினது" என்றீர்கள். அது பொய் அக்கா. இந்த வருஷம் விசாரித்தேன். அதைக் கட்டி ரொம்ப வருஷம் ஆகவில்லையாம். நீங்கள் சொன்ன சரித்திரத்தில் எத்தனை இப்படியோ, இனி நான் யாரிடம் கேட்பது?

டவுன் சின்னதுதான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து பாலம் வரை நடந்தால் கால் மணி நேரம். கடைத்தெரு முழுக்க பாத்திக் துணி, பாய், தலையணை, அலுமினியச் சட்டி, கருவாடு, சயாம் புளி. நீலச் சோறு விற்பார்கள், பூவிலிருந்து எடுத்த நீலமாம். மற்ற பெண்கள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறி அக்கரை டவுனுக்குப் போவார்கள். நீங்கள் எல்லோருடைய பைகளையும் வாங்கிக்கொண்டு, பாலத்தடியில் இருந்த காக் லிமாவின் கடையில் உட்கார்ந்துகொள்வீர்கள். கெரோபோக் என்ற மீன் அப்பளமும் கருவாடும் விற்கும் கிளந்தான்காரி, காக் என்றால் மலாயில் அக்கா.

"எனக்கு முட்டி வலி. பாலம் ஏற முடியாது. நீங்க போயிட்டு வாங்க."

கேமரன் மலையில் நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கும் உங்களுக்கு ஒரு பாலம் ஏற முட்டி வலி. பஸ்ஸில் எல்லோருக்கும் காரணம் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டோம். அப்படி வருஷா வருஷம் நாள் முழுக்க அந்தக் கடையில் உட்கார்ந்துதான் நீங்கள் அந்த ஊர்க் கதையெல்லாம் சேர்த்தது.

இனி அந்த நாள். ஏழு வருஷம் ஆகிறது.

முதல் நாள் ராத்திரி அங்கேயே தங்கியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை. மற்றவர்கள் பாலத்தில் போய்விட்டார்கள். எனக்கு உங்களை ஒரு தடவையாவது அக்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை. பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு படகுத்துறை இருந்தது. மண்ணில் வெட்டின படி, மூங்கில் கைப்பிடி. அந்தக் காலத்தில் ஊர் ஆட்கள் எல்லாம் அதில்தான் போய்வருவார்கள். முறை இல்லைதான். ஆனால் எல்லோரும் போனார்கள்.

"அஞ்சு நிமிஷம்லா அக்கா. ஸ்கூல் புள்ளைங்ககூடப் போகுது பாருங்க."

"வேணாம் சரசு. என் ஐசி சிகப்பு."

"படகுக்காரன் ஐசியா கேக்கறான்? ஏறுங்க."

உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். லிமாவிடம் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தீர்கள். ஆற்றில் தண்ணீர் குறைவு, படகுக்காரன் கழியை ஊன்றியே தள்ளினான். அக்கரையில் மாம்பழமும் பசைச் சோறும் சாப்பிட்டோம். தேவிக்கு ஒரு ஜோடி சிலிப்பர் எடுத்தீர்கள். கிளம்பும்போது கரையில் நின்று நம் பக்கத்தைப் பார்த்தீர்கள்.

"இங்கேருந்து பாத்தா நம்ம ஊரு நல்லாத்தான்லா இருக்கு" என்றீர்கள்.

திரும்பி வந்தபோது படிக்கு மேலே சீருடையில் ஒருவர் நின்றார். படகில் நான் முன்னால், நீங்கள் கடைசியில். நடுவில் இரண்டு மலாய்ப் பெண்கள். நான் முதலில் ஏறினேன். என் ஐசியை வாங்கிப் பார்த்தார், அதட்டினார், இனி இப்படி வராதே என்றார். கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மோவாயால் உங்களைக் காட்டினார். பின்னால் வருகிற தமிழ்ப் பொம்பளை உன்னோடு வந்தவளா, தெரியுமா என்று கேட்டார். மலாயில் அது ஒரே சொல். "கெனால்?"

"தாக் கெனால்" என்றேன். தெரியாது என்றேன்.

பயம்தான். வேறு காரணம் எதுவும் இல்லை. உங்களோடு சேர்த்து என்னையும் உட்கார வைத்துவிடுவார்களோ, எஸ்டேட்டுக்கு எழுதிப்போடுவார்களோ என்று பயம். நான் இழுத்ததால் வந்தவர் நீங்கள். அது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை. நான் சொன்னது உங்கள் காதில் விழும் தூரம்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக பஸ்ஸுக்குப் போய் என் சீட்டில் உட்கார்ந்தேன்.

மற்றவர்கள் வந்தார்கள். பாக்கியம் எங்கே என்று மங்களம் கேட்டாள். "லிமா கடையில பேசிக்கிட்டிருப்பாங்க" என்றேன். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து நீங்கள் வந்தீர்கள், எல்லோருடைய பைகளையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு. சேலை ஓரம் முழுக்கச் சேறு.

"மன்னிச்சுக்கோங்கடி. லிமாகிட்ட பேச ஆரம்பிச்சா நேரம் தெரியல" என்றீர்கள்.

நான் சொன்ன அதே பொய். நாம் பேசிவைத்துக்கொள்ளவே இல்லை. திரும்பும் வழியெல்லாம் எப்போதும் போலக் கதை சொன்னீர்கள். நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் இருந்தது ஆறு வருஷம். நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மகன் கல்யாணத்துக்கு மூன்று நாள் என் அடுப்படியிலேயே இருந்தீர்கள். காட்டில் என் கூடை நிரம்பாத நாளில் உங்கள் கொழுந்தை அள்ளிப் போட்டீர்கள். நானும் கேட்கவில்லை. கேட்டால் நடந்தது என்று ஆகிவிடும், கேட்காவிட்டால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும், அப்படி ஒரு கணக்கு. போன வருஷம் ஆடி மாதம் உங்களுக்கு நெஞ்சில் பிடித்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். நான் கட்டில் பக்கத்தில்தான் இருந்தேன். பேச நேரம் இருந்தது. நீங்கள் கொஞ்சம் கஞ்சி குடித்தீர்கள். நான் மழையைப் பற்றிப் பேசினேன்.

அந்த வருஷம் யாரும் பஸ் ஏற்பாடு செய்யவில்லை. போன மாதம் பஸ் மறுபடி கிளம்பியது. பத்து வீட்டுப் பெண்கள்தான் வந்தோம். எஸ்டேட்டில் இப்போது பாதிக்கு மேல் வங்காளதேசத்துப் பையன்கள். மெஷின் பிடித்து வெட்டுகிறார்கள், கையால் கொழுந்து எடுக்கும் நிரை குறைந்துபோய்விட்டது. முதல் தடவையாகத் தேவியும் வந்தாள், கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு. குவா மூசாங்கில் யாரும் எழுந்து நின்று பேசவில்லை. மங்களம் என் தோளைத் தட்டி, "நீதான் சொல்லேன்டி" என்றாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

ஊர் மாறவில்லை. படகுத்துறைதான் இல்லை. இப்போது பாலத்து கேட் வழியாக மட்டும்தான் போக விடுகிறார்கள். மண் படிகளில் புல் முளைத்திருக்கிறது. தேவிக்குப் பாலம் ஏற முடியாது. நானும் ஏறவில்லை. இரண்டு பேரும் லிமா கடைக்குப் போனோம்.

லிமா உங்களைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். கையில் இருந்த கெரோபோக் டப்பாவை மூடிவைத்துவிட்டு, அவர்கள் வழக்கப்படி இறந்தவர்களுக்குச் சொல்வதை மெதுவாகச் சொன்னார். தேவியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். அப்புறம் பேச்சோடு பேச்சாக அந்த நாளைச் சொன்னார். மலாயில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"உன் அம்மாவை படகுத்துறைப் பலகையில உக்கார வச்சிட்டாங்க. யாருமே தெரிஞ்சவங்க இல்லையான்னு கேட்டிருக்காங்க. அவ என் கடையைக் கை காட்டினா. நான் போயி, தெரியும், வருஷா வருஷம் என் கடையில உக்கார்ற அக்கா இவ, ஓடிப்போற ஆளு இல்லன்னு சொன்னேன். அப்புறம்தான் விட்டாங்க. முன்னால ஒருத்தி போயிருக்கா, கூட வந்தவதானாம். திரும்பியே பாக்கலியாம்."

"முன்னால போனது யாரு?" தேவி கேட்டாள்.

"எனக்குத் தெரியாது. அதிகாரி அவளைக் கூப்பிடட்டுமான்னு உன் அம்மாகிட்டயே கேட்டாரு. நான் பக்கத்துல நின்னேன். தாக் கெனால்னு சொல்லிட்டா உன் அம்மா."

தேவி என் பக்கம் திரும்பினாள். "யாரு சித்தி அது?"

"யாரோ. எனக்கென்ன தெரியும்" என்றேன்.

இரண்டாவது தடவை அக்கா. இந்தத் தடவை சீருடை யாரும் நிற்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தது கருவாடும் உங்கள் மகளும்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னைத் தெரியாது என்று நீங்கள் சொன்னது என்னைக் காப்பாற்றவா? இல்லை, இவள் எனக்கு யாருமில்லை என்று நிஜமாகவே முடிவு செய்துவிட்டீர்களா? இரண்டுக்கும் சொல் ஒன்றுதான். காப்பாற்றத்தான் என்று நான் நினைத்துக்கொள்ளலாம். நினைத்தால் எனக்கு வசதி. அதனால்தான் அதை நம்ப முடியவில்லை.

வீடு திரும்பி இரண்டு வாரம் ஓடியது. தேவி செவ்வாய்க்கிழமைக்கு வேண்டிய காகிதங்களை ஒரு பைலில் அடுக்கி, என் ஐசி நகலையும் வாங்கிக்கொண்டு போனாள். இந்த வாயோடு போய் அந்த மேசைக்கு முன்னால் உட்கார எனக்கு மனம் வரவில்லை. நேற்று கியா பார்முக்குப் போனேன். கடையில் கூட்டம். தேவி ஸ்ட்ராபெரியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆள் குறையட்டும் என்று நின்றேன். குறையவில்லை. அப்படியே சொன்னேன்.

"அன்னிக்கு முன்னால போனது நான்தான் தேவி."

அவள் கை நிற்கவில்லை. அந்தப் பெட்டியை அடுக்கி முடித்து மூடினாள். அடுத்த பெட்டியை எடுத்தாள்.

"லிமா கடையிலயே உங்க முகத்தப் பாத்தேன்" என்றாள். "நீங்களா சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"வேற யாரையாச்சும் சாட்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போ. எனக்கு யோக்கியதை இல்ல."

"வேற யாரு இருக்கா? யோக்கியதை பாத்து ஆள் புடிக்க எனக்கு எங்க நேரம்?" ஒரு வெள்ளைக்காரப் பெண் விலை கேட்டாள். தேவி அவளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். "என்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? அம்மா அன்னிக்கு எல்லார் பையையும் தூக்கிக்கிட்டு வந்தாங்கல்ல? அந்தப் பை யாரோடதெல்லாமோ, அவங்களுக்கும் தெரியட்டும். எழுதுங்க. பத்திரிகைக்கு நான் அனுப்பறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. செவ்வாய்க்கிழமை ஏழு மணி பஸ். லேட்டா வராதீங்க."

என்னை மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்கா, செவ்வாய்க்கிழமை அதிகாரி கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன். எப்படித் தெரியும் என்று கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கிறது. இடது கையால் கொழுந்து எடுப்பவர், வலது கையால் சாப்பிடுபவர் என்று சொல்வேன். வலது புருவத்தில் தழும்பு, தேயிலைக் கட்டை குத்தியது என்பேன். டீ எஸ்டேட்டில் பிறந்து டீ குடிக்காதவர், வெந்நீர்தான் குடிப்பார் என்பேன். காலில் அட்டை ஏறினால் கத்தாமல் எண்ணுவார். இடி இடித்தால் மட்டும் என் வீட்டுக்கு வந்துவிடுவார். சின்னக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் உள்ளே பாடிக்கொண்டே குளிப்பார், ஆள் இருக்கிறது என்று தெரிவதற்காக. போதும் அம்மா என்று அந்த அதிகாரி கையை உயர்த்தும் வரைக்கும் சொல்வேன்.

உங்கள் ஓரகத்தி,
தேவியின் சித்தி,
சரசு